துப்பாக்கியில் போகாத கரிக்கறை: 1,400 ரூபாய் திரவம் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் லைசென்ஸ் உள்ள .22 ரைபிள் ஒன்று இருக்கிறது. திருச்சியில் ஒரு கிளப்பில் பழகுகிறேன். போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) முகப்பில் படிந்த கறுப்புக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ‘ஐந்தே நிமிடத்தில் பளபளப்பு’ என்று 100 மில்லி திரவத்தை இணையத்தில் 1,400 ரூபாய்க்கு விற்கிறார்கள். எங்கள் ஊர் பம்ப்செட் மெக்கானிக்கோ உப்புத்தாளும் கொஞ்சம் ஆசிட்டும் போதும் என்கிறார். எதைக் கேட்பது?
– மன்னார்குடி வாசகர்

பதில்: இரண்டையும் கேட்க வேண்டாம். முதலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கறையின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது படிவு, எடுக்க வேண்டியதுதான். வழுக்கிக்கொண்டு போனால் வெறும் நிறமாற்றம். அதனால் சுடுவதில் எந்தக் குறையும் வராது, அப்படியே விடுங்கள். பளபளப்புக்காகக் காசு கொடுப்பது என் கணக்கில் வீண்.

படிவாக இருந்தால், துப்பாக்கிக்கென்று விற்கும், கரியைக் கரைக்கும் சாதாரண சால்வென்ட்டையோ ஊடுருவும் எண்ணெயையோ தடவி ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்று வரும். கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். .22 கரியில் ஈயமும் கலந்திருக்கும், கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள்.

மெக்கானிக்கின் கை இன்ஜினுக்குப் பழகியது. துப்பாக்கியில் பல பாகங்களின் கறுப்பு நிறமே துருவைத் தடுக்கப் போட்ட மெல்லிய பூச்சு. ஆசிட், வினிகர், துரு நீக்கி எல்லாம் கறையோடு அதையும் தின்றுவிடும். உப்புத்தாள் போல்ட் முகப்பின் அளவையே மாற்றிவிடும். காஸ்டிக் சோடா கலந்த கார்பன் நீக்கி அலுமினியப் பாகத்தை அரிக்கும்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் குழலின் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் கரி, மெழுகு, ஈயம் மூன்றும் சேர்ந்து வளையமாக இறுகும். தோட்டா உள்ளே போகச் சிரமப்பட்டாலோ, குண்டுகள் முன்பைவிடச் சிதறி விழுந்தாலோ அங்கே பாருங்கள். சால்வென்ட்டில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, .22 அளவு வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து செலுத்துங்கள். அந்த 1,400 ரூபாயைப் பிரஷ்ஷைச் செலுத்தும் பூச்சுள்ள ஒரே துண்டுக் கம்பிக்கும், அது குழலில் உரசாமல் காக்கும் கைடுக்கும் செலவழித்தால் பயனுண்டு.

அப்புறம், சால்வென்ட் கரியோடு எண்ணெயையும் துடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் ஈரக்காற்றில் வெறும் இரும்பை விட்டால் துரு பிடிக்க நாளாகாது. மெல்லிசாக எண்ணெய் பூசி வையுங்கள், சுடப் போகும்முன் குழலை உலரத் துடைத்துவிடுங்கள். துணி உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்வது உங்கள் வேலை. பழுது பார்ப்பது அப்படியல்ல, 1959 ஆயுதச் சட்டப்படி அதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும். எனவே லேத் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சரி, திரவத்தை ஏற்கெனவே ஆர்டர் செய்திருந்தால்? தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் பாட்டிலில் இருக்கிறதா பாருங்கள். விளம்பரம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்றால், வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.