விமான டிக்கெட்: நான்கு பேருக்கு ஒரு விலை, ஒருவருக்கு ஒரு விலை ஏன்?

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடும்பத்தோடு நான்கு பேர் போகிறோம். ஒருவருக்குத் தேடினால் ₹5,200 காட்டுகிறது. நான்கு பேர் என்று மாற்றினால் தலைக்கு ₹6,100 ஆகிவிடுகிறது. இது என்ன கணக்கு?

ஒரே விமானத்தில் எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படியில் சில இடங்கள், அது தீர்ந்தால் அடுத்த படி, அதற்கு மேல் இன்னொன்று. ஒரே பதிவில் வருகிற எல்லோருக்கும் ஒரே படியில் இடம் இருக்கிறதா என்றுதான் பெரும்பாலான தளங்கள் தேடும். ₹5,200 படியில் இரண்டே இடம் மிச்சம் என்றால், உங்கள் நான்கு பேரையும் சேர்த்து மேல்படிக்கு ஏற்றிவிடும். அந்த இரண்டு மலிவு இருக்கைகள் உங்கள் கண்ணுக்கே படாது.

ஆகவே முதலில் 1 பேர், பிறகு 2, 3 என்று மாற்றித் தேடுங்கள். விலை எந்த எண்ணிக்கையில் குதிக்கிறதோ அங்கே பிரியுங்கள். நீங்கள் சொன்ன விலையில் இரண்டு இடம் கீழ்ப்படியில் இருந்தால், இரண்டு இரண்டாக எடுக்கும்போது 10,400 + 12,200 = ₹22,600. ஒன்றாக எடுத்தால் ₹24,400. மிச்சம் ₹1,800. முதலில் மலிவு இருக்கைகளுக்குப் பணம் கட்டி முடித்து, பிஎன்ஆர் எண் (அந்தப் பதிவுக்கான எண்) வந்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஃபோனில் முயன்றால், பணம் கட்டும் வரை ஒருவர் பிடித்து வைத்திருக்கும் இருக்கை மற்றவருக்குத் தெரியாமல் போகும்.

இதில் ஒரு கவனம் தேவை. 12 வயதுக்குக் கீழான பிள்ளை, அதே பிஎன்ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்தில் உட்கார இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. அதனால் அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை என்று பிரியுங்கள். பெரியவர்கள் ஒரு பதிவிலும் பிள்ளைகள் ஒரு பதிவிலுமாக வைக்காதீர்கள். "பக்கத்து இருக்கைக்கு ₹300" என்று திரை கேட்கும்போது பிள்ளைக்காகப் பயந்துபோய்க் கட்டவும் வேண்டாம். இன்னொரு விஷயம், விமான நேரம் மாறினாலோ ரத்தானாலோ இரண்டு பிஎன்ஆரையும் நிறுவனம் தனித்தனியாகத்தான் பார்க்கும். நீங்கள்தான் கூப்பிட்டுச் சேர்த்துவிடச் சொல்ல வேண்டும்.

கேள்வி: திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறும், பிரவுசரில் பழைய தேடல் பதிவு இல்லாத இன்காக்னிட்டோவில் தேட வேண்டும் என்கிறார்களே?

தேடலாம், நஷ்டமில்லை. அதனால் டிக்கெட் மலிவாகிவிடும் என்று நம்ப ஆதாரமும் இல்லை. நீங்கள் யோசித்த அரைமணி நேரத்தில் மேலே சொன்ன கீழ்ப்படி தீர்ந்திருக்கும், அல்லது ஒப்பீட்டுத் தளம் சற்று முன்பு சேமித்து வைத்த பழைய விலையைக் காட்டியிருக்கும். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் உண்மை விலை வரும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதும் இதே ரகம்தான். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் விலையை மாற்றும். வெள்ளி மாலை, ஞாயிறு இரவு, திங்கள் அதிகாலை விமானங்கள் விலை கூடும். செவ்வாய், புதன், சனி மதியம் பெரும்பாலும் இறங்கும்.

கேள்வி: எத்தனை நாள் முன்னால் எடுத்தால் லாபம்? கடைசி நேரத்தில் காலி இருக்கையை மலிவாகத் தருவார்களா?

உள்நாட்டு விமானத்தில் கடைசி நேர மலிவை நம்பி உட்காராதீர்கள். கடைசி மூன்று நாளில் வாங்குகிறவர் அலுவலக வேலையாகவோ அவசரத்துக்கோ போகிறவர், என்ன விலையானாலும் கொடுப்பார் என்று நிறுவனத்துக்குத் தெரியும். சாதாரண நாட்களுக்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பு பார்த்தால் போதும். வெளிநாட்டுக்கு இரண்டு முதல் நான்கு மாதம்.

பண்டிகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. தீபாவளி, பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மதுரை, கோவை, தூத்துக்குடி போகிறவர்கள் ரயில் கிடைக்காத பிறகுதான் விமானம் பக்கம் திரும்புகிறார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. அது திறப்பதற்கு முன்பே விமான விலையைப் பார்த்து வையுங்கள். வெயிட்டிங் லிஸ்ட் நீளமான பிறகு பார்த்தால் நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாக வாங்குகிறீர்கள். பண்டிகைக்கு முந்தின நாளைவிட இரண்டு நாள் முன்னால் கிளம்பினாலும், திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தாலும் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும்.

கூகுள் ஃப்ளைட்ஸில் தேதியைத் தொட்டால் ஒவ்வொரு நாளுக்கும் விலை காலண்டரிலேயே தெரியும். "டிராக் பிரைசஸ்" பொத்தானை இயக்கி வைத்தால் விலை மாறும்போது மெயில் வரும். அங்கே பார்த்துவிட்டு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். ஏன் என்று அடுத்த பதிலில்.

கேள்வி: பயணச் செயலியில் கார்டுக்கு ₹800 தள்ளுபடி. நிறுவனத் தளத்தில் தள்ளுபடி இல்லை. செயலியில்தானே வாங்க வேண்டும்?

கடைசிப் பக்கம் வரை போய் இரண்டு தொகையையும் ஒப்பிடுங்கள். செயலியின் கன்வீனியன்ஸ் ஃபீ தலைக்கு, வழிக்கு என்று ஏறும். பயணக் காப்பீடு, "இலவச ரத்து" வசதி, நன்கொடை என்று ஏதாவது தானாகவே டிக் ஆகியிருக்கும். நீங்கள் கேட்காததைக் கூடையில் சேர்ப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. அப்படிச் சேர்த்திருந்தால் திரையைப் படம் பிடித்து வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

எல்லாம் கழித்த பிறகும் செயலியில் ₹500 குறைவு, பயணமும் உறுதி என்றால் தாராளமாக வாங்குங்கள். பயணம் மாற வாய்ப்பிருந்தால் வேண்டாம். ரத்து செய்யும்போது நிறுவனம் ஒரு கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் செயலி தன் சேவைக் கட்டணத்தைப் பிடிக்கும். நேர மாற்றச் செய்தியும் சில நேரம் செயலியோடு நின்றுவிடும்.

நேரடியாக வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு. உள்நாட்டுப் பயணம் 7 நாளுக்கு மேல் இருந்து, நிறுவனத் தளத்திலேயே எடுத்திருந்தால், எடுத்த 48 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணம் இல்லாமல் விடலாம். தேதியை மாற்றினால் விலை வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும். மலிவாகக் கண்ணில் பட்டதை உடனே பிடித்துவிட்டு, அன்று இரவு வீட்டில் பேசி முடிவு செய்ய இது போதும்.

கேள்வி: அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் கோவை–டெல்லி பயணத்தை விட்டுவிட்டோம். சலுகை டிக்கெட், ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். ₹4,900-ம் போனதுதானா?

முழுவதும் போகவில்லை. "ரீஃபண்ட் கிடையாது" என்பது அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். டிஜிசிஏ விதிப்படி, சட்டப்படியான வரிகளும் விமான நிலையத்துக்காக வசூலித்த யூடிஎஃப் (பயனர் மேம்பாட்டுக் கட்டணம்) போன்ற கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். பயணி ரத்து செய்திருந்தாலும், போகாமலே விட்டிருந்தாலும், சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் இதுதான் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ரீஃபண்ட் போட்டுத்தருவதற்கென்று நிறுவனம் தனியாகக் கட்டணம் வாங்கவும் கூடாது.

மெயிலில் வந்த டிக்கெட்டைத் திறந்து விலைப் பிரிவைப் பாருங்கள். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே யூடிஎஃப், விமான நிலையப் பாதுகாப்புக் கட்டணம், ஜிஎஸ்டி என்று வரிசையாக இருக்கும். அந்தத் தொகைகளைக் குறிப்பிட்டு, பிஎன்ஆர் எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "சிஸ்டத்தில் வரவில்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாக வைத்துக்கொள்ளச் சொன்னால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, தேர்வு பயணியுடையது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு நிறுவனம்தான். பதில் வராவிட்டால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

அடுத்த முறை, போக முடியாது என்று தெரிந்தவுடன் விமானம் கிளம்புவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். விலை கூடிய டிக்கெட்டாக இருந்தால் அடிப்படைக் கட்டணத்திலும் கொஞ்சம் மிஞ்சும். போகாமலே விட்டால் அதுவும் கிடைக்காது.

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சிங்கப்பூரின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் விலை குறைவாகத் தெரிகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பெட்டியைப் பார்த்து. ஸ்கூட்டின் அடித்தட்டுக் கட்டணத்தில் கையில் எடுத்துப் போகும் 10 கிலோ மட்டும்தான். செக்-இன் பெட்டிக்குத் தனிக் காசு. மகள் வீட்டுக்கு ஊறுகாயும் நல்லெண்ணெயும் போகும் என்றால் கைப்பையில் எடுக்க முடியாது, திரவத்துக்கு 100 மில்லி வரம்பு இருக்கிறது. எனவே பெட்டியையும் சேர்த்த விலையை, பெட்டி ஏற்கெனவே அடங்கிய மற்ற நிறுவன விலையோடு ஒப்பிடுங்கள்.

போக வர ஒரே எடை வாங்க வேண்டியதில்லை. போகும்போது 30 கிலோ, திரும்பும்போது 20 கிலோ என்று வழிக்கு வழி தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே பெட்டியையும் வாங்குவதுதான் மலிவு. பிறகு சேர்த்தால் கூடும். கவுன்டரில் தராசில் ஏற்றிய பிறகு கிலோ கணக்கில் கேட்பார்கள், அதுதான் எல்லாவற்றிலும் அதிகம். வீட்டிலேயே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துவிடுங்கள்.

மகள் அங்கிருந்து வர டிக்கெட் எடுத்தால் விலை சிங்கப்பூர் டாலரில் வரும். அதை இங்குள்ள கார்டில் கட்டினால் வங்கி 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும். அந்தப் பயணத்துக்கு மகளே அங்கே கட்டட்டும்.

கேள்வி: கோலாலம்பூர் வழியாகப் பாலிக்கு இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் பாதி விலை. எடுக்கலாமா?

இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இல்லையென்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் இருந்தால், அல்லது ஒரு நாள் அங்கே சுற்றிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் எடுங்கள்.

கேள்வி: மூத்த குடிமக்கள் சலுகை எடுத்தால் கண்டிப்பாகக் குறையுமா?

கண்டிப்பு இல்லை. தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். அன்று நடக்கும் பொதுச் சலுகையில் விலை அதைவிடக் குறைவாக இருக்கலாம், இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். சலுகையில் எடுத்தால் வயதுக்கான அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். இல்லையென்றால் கவுன்டரிலேயே முழு விலை வித்தியாசத்தையும் கட்டச் சொல்வார்கள்.