மருத்துவரிடம் கேளுங்கள்: ஒல்லியான அக்காவுக்கு வந்த நோயும் என் எடையும்

கேள்வி: எனக்கு 54 வயது, பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உயரம் 152 செ.மீ.; திருமணத்தின்போது 48 கிலோவாக இருந்த எடை இப்போது 68 கிலோ. எடை கூடினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்கள். ஆனால் என் அக்கா ஒருநாளும் 45 கிலோவைத் தாண்டியதில்லை. அவருக்குத்தான் 58 வயதில் அந்த நோய் வந்தது; அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தினமும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். எடைக்கும் இந்த நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: தொடர்பு உண்டு. ஆனால் ‘எடை கூடினால் நோய் வரும்’ என்பது வேறு, ‘எடை கூடினால் வருவதற்கான வாய்ப்பு கூடும்’ என்பது வேறு. ஆராய்ச்சிகள் சொல்வது இரண்டாவதை மட்டுமே.

உங்கள் அக்கா சாப்பிடும் மாத்திரையிலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் சினைப்பைகள்தான் சுரக்கின்றன. அவை ஓய்ந்த பிறகு, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறு ஹார்மோன்களை, உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் இந்த மாற்றமும் மிகும். பல மார்பகப் புற்றுநோய்களுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் உரம். லெட்ரோசோல் அந்த அரோமடேஸைத் தடுக்கும் மருந்து. ஒல்லியான உடலிலும் இந்த நொதி ஓரளவு வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்பதால்தான் 45 கிலோ எடையுள்ள உங்கள் அக்காவுக்கும் அது தேவைப்படுகிறது. பருமனானவர்களின் உடலில் இன்சுலின் அளவு உயர்வதும், நாட்பட்ட மெல்லிய அழற்சி இருப்பதும் மற்ற காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் ஆதாரங்களை அலசி, மிகையான உடற்கொழுப்போடு தொடர்புடைய 13 வகைப் புற்றுநோய்களில், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோயையும் சேர்த்தது. உடல் நிறைக் குறியீட்டெண் 5 புள்ளி கூடினால் இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம் உயர்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த கணக்கு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். உங்களுக்கு அது சுமார் 29.4. நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே மிகை எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். உங்கள் உயரத்துக்கு 5 புள்ளி என்பது சுமார் 11 1/2 கிலோ.

12 சதவீதம் என்றதும் நூற்றில் பன்னிரண்டு பேருக்கு நோய் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இப்படிப் பதறி எழுதப்படும் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. ஆயிரம் பெண்களில் முப்பது பேருக்கு வரக்கூடியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த 12 சதவீதம் முப்பதை முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்காக ஆக்கும், அவ்வளவுதான். அந்த முப்பது பேரில் ஒல்லியானவர்களும் இருப்பார்கள். வயது, சிறு வயதிலேயே பூப்பெய்துதல், மாதவிடாய் தாமதமாக நிற்பது, முதல் குழந்தையை 30 வயதுக்குப் பிறகு பெறுவது, மது, மரபணு என்று காரணங்கள் பல. எந்தக் காரணமும் புலப்படாமல் வருவதும் உண்டு. ஆகவே, அக்காவுக்கு ஏன் வந்தது என்று அவருடைய எடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உங்களைப் பொறுத்தவரை, எடையைவிடக் கனமான செய்தி ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உடன்பிறந்த சகோதரிக்கு இந்நோய் வந்திருந்தால் ஒருவருக்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது என்று 2001-இல் 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியவந்தது. அக்காவை மாற்ற முடியாது. எடையை ஓரளவு மாற்றலாம். அமெரிக்கச் செவிலியர்களிடம் 1976-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், மாதவிடாய் நின்ற பிறகு 10 கிலோவோ அதற்கு மேலோ குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களுள் ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட நோய் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. அப்படிக் குறைத்தவர்கள் சிலரே என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து கிலோ என்று மலைக்காமல், முதலில் இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலிருந்து தினமும் அரை மணி நேரத்தை வேக நடைக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: எனக்கு 31 வயது, ஓசூரில் தொழிற்சாலை வேலை. இளம் வயதில் குண்டாக இருப்பது மார்பகப் புற்றுநோயிலிருந்து பாதுகாப்பு என்று படித்தேன். நம்பலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: நீங்கள் படித்தது கட்டுக்கதை அன்று. 2018-இல் வெளியான, 19 ஆய்வுகளின் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட தொகுப்பில், மாதவிடாய் நிற்கும் முன்னர் எடை கூடியவர்களுக்கு இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் அதில் பெரும்பாலோர் மேலை நாட்டினர். தென்னிந்தியப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், இடுப்புச் சுற்றளவு 85 செ.மீ.க்கு மேல் இருந்தவர்களிடம், மாதவிடாய் நிற்கும் முன்னும் சரி, பின்னும் சரி, நோய் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. மேலும் 31-இல் சேர்த்த எடை 51-இல் தானாக இறங்கிவிடாது. அளந்து பார்ப்பதானால் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் நாடாவை வையுங்கள்.

கேள்வி: கேழ்வரகுக் களி சாப்பிட்டால் மார்பகக் கட்டி வராது என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா? பரிசோதனைக்கு எங்கே போவது?
- வாசகி, பென்னாகரம்

பதில்: களியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, வெள்ளை அரிசிச் சோற்றைவிட நல்லதே. கட்டியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்று உருண்டை சாப்பிட்டால் அதுவும் எடையைத்தான் ஏற்றும்.

முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் ஊழியரிடமும் விவரம் கேட்கலாம். கையால் தொட்டுப் பார்ப்பதுதானே என்று நினைக்க வேண்டாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பரிசோதித்ததால், 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஆரஞ்சுத் தோல் போன்ற குழிவுகள், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், வலிக்கவில்லையே என்று காத்திராமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.