வி.பி. சிங்: ஆணையும் அவசரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் மாநிலக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் முன்னாள் பிரதமர் வி.பி. சிங் சிலை கண்ணில் படுகிறது. மேடைக்கு மேடை அவரைச் 'சமூகநீதிக் காவலர்' என்கிறார்கள். ஆனால் தேவிலாலை மடக்கத்தான் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கேட்ட மண்டல் குழு அறிக்கையை அவர் கையில் எடுத்தார் என்று படித்தேன். அப்படியானால் அது வெறும் காய்நகர்த்தல்தானே? காவிரி நடுவர் மன்றம், இலங்கையிலிருந்து அமைதிப்படை திரும்பியது, இவையெல்லாமும் அவர் சாதனைகள்தானா?

ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. தேதிகளைப் பார்த்தாலே தெரியும். 1990 ஆகஸ்ட் 1 அன்று துணைப் பிரதமர் தேவிலால் நீக்கப்படுகிறார். 9ஆம் தேதி டெல்லியில் அவருடைய விவசாயிகள் பேரணி. நடுவே 7ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மண்டல் அறிவிப்பு. தேர்தல் அறிக்கையில் சொன்னதைத்தான் செய்தோம் என்பது வி.பி. சிங் தரப்பு. அதுவும் பொய்யில்லை. ஆனால் 1980 டிசம்பரில் கொடுக்கப்பட்டு பத்து வருடம் தூங்கிய அறிக்கையை அந்த வாரம் தட்டி எழுப்பியது தேவிலால்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஆளைப் பாதிதான் பார்த்திருக்கிறோம். மீதிக்கு, அந்த அறிவிப்பை நடைமுறைப்படுத்த ஆகஸ்ட் 13 தேதியிட்டு வந்த அரசுக் குறிப்பாணையைப் படிக்க வேண்டும். சின்ன ஆணைதான். மண்டல் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 1962 பாலாஜி தீர்ப்பிலிருந்து ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு தலைக்கு மேல் தொங்கியது. எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, அதோடு 27, ஆக மொத்தம் 49.5. இந்த 27 மண்டல் குழுவே போட்ட கணக்கு. ஆணையை எழுதியவர்களின் கைத்திறன் தெரிவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, பட்டியல். மண்டல் குழு தொகுத்த 3,743 சாதிகளையும் அப்படியே எடுக்கவில்லை. மாநில அரசின் பட்டியலிலும் இருக்கும் சாதிகள் மட்டுமே முதல் கட்டத்தில் சேரும். இரண்டு, பொதுப்போட்டியில் சொந்த மதிப்பெண்ணில் வருகிறவரை 27இல் கழிக்கக்கூடாது. நூறு பணியிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்பிரிவு கட்-ஆஃபைத் தாண்டி பிற்படுத்தப்பட்டோர் 8 பேர் வந்தால், அவர்கள் பொது இடங்களில் உட்காருவார்கள். 27 தனியாக நிற்கும், ஆக 35 பேர். இந்த வரி இல்லையென்றால் எட்டைக் கழித்துவிட்டு 19 பேரைத்தான் எடுப்பார்கள். கைகொடுக்க வந்த 27, கதவைச் சாத்தும் 27 ஆகியிருக்கும். அரசு வேலை நியமனத்தில் இனச்சுழற்சி பார்த்துப் பழகிய நமக்கு இது பாலபாடம்.

1992 நவம்பர் 16 அன்று இந்திரா சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த ஆணையைப் பெரும்பான்மையாக ஏற்றது. பிற்படுத்தப்பட்டோரில் வசதியாக முன்னேறிவிட்டவர்களை, அதாவது கிரீமி லேயரை, விலக்கச் சொன்னது. பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றது. நரசிம்ம ராவ் அரசு 1991இல் ஒட்டவைத்த 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீடு அதே தீர்ப்பில் விழுந்தது. அறிவித்த ஆறாம் நாளில் வெளியான ஆணை நின்றுவிட்டது, பாருங்கள்.

நிற்காதது அரசு. வெளியிலிருந்து தாங்கிப்பிடித்த பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் தங்களைக் கலந்துபேசவில்லை என்று குறைபட்டுக்கொண்டன. மத்திய அரசு வேலைகளுக்கு மட்டும்தான் இந்த ஒதுக்கீடு, கல்லூரி இடங்களைத் தொடவில்லை என்பதை வடக்கே மாணவர்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. தீக்குளிப்புகள் நடந்தன. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ரத யாத்திரை போன பா.ஜ.க. தலைவர் அத்வானி கைதானதும் பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 7 வாக்கெடுப்பில் அரசுக்கு 142, எதிர்த்து 346.

ஆள் சேர்க்காமல் அவசரமாக ஆணை போடும் இந்தக் குணம் 1990இல் முளைத்ததல்ல. ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் அரசில் நிதியமைச்சராக 1985 பட்ஜெட்டில் வருமான வரியின் உச்ச விகிதத்தை 61.875 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைத்தார். வரியைக் குறைத்தாயிற்று, இனி ஏய்த்தால் விடுவதில்லை என்று பெரிய தொழிலதிபர்கள் வீட்டுக்கே சோதனை அனுப்பினார். கணக்கு சரிதான். கட்சிக்குள் அதைத் தாங்க ஆள் சேர்க்கவில்லை. 1987 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டார், ஏப்ரலில் வெளியேறினார். பேனா வேகமாக ஓடும், பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கமாட்டார். என் மதிப்பீடு இதுதான். துறவி என்றும் சொல்லமாட்டேன், சூதாடி என்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் அடுத்த கேள்விக்கு வருகிறேன். காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைந்தது உண்மை. ஆனால் ஒரு மாதத்துக்குள் அமைக்கும்படி மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. இழுத்தடிக்காமல் செய்தார் என்ற அளவுக்குப் பாராட்டலாம். அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டுக் கிளம்பியது. விலகலைத் தொடங்கியது ராஜீவ் அரசு, முடித்தது இவர்.

மேடைகளில் யாரும் எடுக்காத ஒரு பக்கமும் உண்டு. உத்தரப் பிரதேச முதல்வராக அவர் இருந்த 1980-82 காலத்தில், கொள்ளையர் ஒழிப்பு என்ற பெயரில் போலீஸ் என்கவுன்டர்கள் நடந்தன. அப்பாவிகளும் சுடப்பட்டதாக முலாயம் சிங் அப்போதே குற்றஞ்சாட்டினார். சிலைக்கு மாலை போடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டே போடலாம்.

இன்னொரு திருத்தம். ஐ.ஐ.டி.யில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டையும் அவர் கணக்கில் எழுதுகிறார்கள். அது அர்ஜுன் சிங் அமைச்சராக இருந்தபோது வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது 2008 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று வி.பி. சிங் இறந்தார். மும்பைத் தாக்குதலுக்கு மறுநாள் அது. தொலைக்காட்சிகள் தாஜ் ஹோட்டலை விட்டு நகரவில்லை.