உடலைப் பார்த்துச் சிரிப்பது நையாண்டி ஆகுமா?

“காதல் படங்களில் வரும் உடல் கேலியெல்லாம் நையாண்டிதானே, அதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நையாண்டியே அல்ல என்பது என் கருத்து. நையாண்டியில் அடி வாங்க வேண்டியவர் அதிகாரமோ பாசாங்கோ உள்ளவர். நம் படங்களில் அடி வாங்குபவரோ, காதலுக்கு லாயக்கில்லை என்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவர்.

எல்லோரும் பார்த்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 2007 இல் வெளிவந்த ‘சிவாஜி’யில் நாயகனுக்குப் பெண் பார்க்கும் பகுதியில், முகத்தில் கரிய ஒப்பனை பூசிய இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களைக் கண்டு நாயகன் தரப்பு பதறுவது ஒன்றே அங்குள்ள பகிடி. அதே படத்தில் நாயகனுடைய நிறமும் பகிடியாகிறது. வெள்ளையாவதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவரோடு சேர்ந்துதான் சிரிக்கிறோம், அவருடைய காதலுக்கும் அதனால் ஒரு குறையும் வருவதில்லை. அந்தச் சகோதரிகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அவர்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்புமலைப் பாரியின் மகளிருக்கு மரபு வழங்கிய பெயர்கள் அவை; ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கும் புறநானூற்று 112 ஆம் பாடலைப் பாடியவர்கள் அவர்கள்தாம். பாரி இறந்த பின் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு மணம் பேசப் போகிறார். குறுநில மன்னர்களான விச்சிக்கோனும் மறுக்கிறான், இருங்கோவேளும் மறுக்கிறான். அதாவது சங்கப் பாடலிலும் அவர்கள் மறுக்கப்பட்ட பெண்களே. ஆனால் 202 ஆம் பாடலில் கபிலரின் குத்தல் மறுத்த இருங்கோவேள் மீதே விழுகிறது. ஒரு புலவரை இகழ்ந்ததால் உன் முன்னோரின் ஊர் அழிந்தது என்று நினைவூட்டிவிட்டு, இவர்கள் பாரியின் மகளிர் என்று உன்னிடம் சொன்ன என் அற்பச் சொல்லைப் பொறுத்துக்கொள், நான் போகிறேன், உன் வேல் வெல்லட்டும் என்று வாழ்த்துவது போல விடைபெறுகிறார். நையாண்டி என்று நான் சொல்வது இதைத்தான். அந்தப் பெயர்களை எடுத்த படம் அந்தக் குத்தலை எடுக்கவில்லை.

நகைச்சுவை வேறு, காதல் வேறு என்று சிலர் பிரித்துப் பேசுவார்கள். பல படங்களின் கட்டமைப்பு அப்படி இல்லை. நாயகனுக்குப் பக்கத்தில் பருத்த அல்லது குள்ளமான நண்பன் ஒருவன் இருப்பான். அவனும் ஒரு பெண்ணை விரும்புவான். அவன் விரும்புவதே சிரிப்புக்குரியது என்று காட்டிவிடுவதால், ஒரு பெண்ணைத் தெருத் தெருவாகப் பின்தொடரும் நாயகனின் செயல் காதலாகத் தெரிகிறது. இருவரும் செய்வது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வெறும் சினிமா விஷயம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. சம்பந்தம் பேசும்போது சாதகம் பொருந்தியதா என்பதற்கு அடுத்ததாகப் ‘பிள்ளை என்ன நிறம்’ என்ற கேள்வி வரும். தாயார் ‘பொது நிறம்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். கலியாண வீட்டில் வீடியோ எடுப்பவர் “நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ பிள்ளை” என்று சபையார் கேட்கச் சொல்லுவார். பிறகு வரும் அல்பத்தில் மணமகளின் முகம் ஒரு நிறத்திலும் மருதோன்றி போட்ட கை இன்னொரு நிறத்திலும் இருக்கும். முகத்தை வெளுப்பாக்கியவர் கையை மறந்திருப்பார். இதை நையாண்டி செய்து ஒரு படம் வந்தால் முதல் வரிசையில் இருந்து சிரிக்க நான் தயார். 2015 இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’ எடை குறைப்பு நிலையங்களின் மோசடியைக் குறிவைத்தது, அந்த அளவில் அதைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் பருத்த நாயகியாக நடிக்க ஒரு மெலிந்த நட்சத்திரம்தான் எடையைக் கூட்ட வேண்டியிருந்தது.

பகிடி நமக்குத் தெரியாத கலையும் அல்ல. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழைப் படித்து வளர்ந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். தாமோதரனை ஆங்கில வாயால் டாமோடிரன் ஆக்கிக்கொண்ட மிஸ்ஸிஸ் டாமோடிரன் என்ற அவருடைய கேலிச்சித்திரப் பாத்திரத்தைப் பார்த்து மக்கள் சிரித்தது அந்தப் பெண்ணின் பருமனுக்காக அல்ல, போலிப் பகட்டுக்காக. கேலிச்சித்திரத்தில் மூக்கும் வயிறும் பெருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. சிரிப்பு அந்த வயிற்றிலேயே நின்றுவிட்டால்தான் வரைந்தவருக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று நினைப்பேன்.

உடலைத் தொடாவிட்டால் சனம் சிரிக்காது என்பது இங்கு குறும்படமும் மேடை நாடகமும் செய்யும் இளைஞர்கள் சொல்லும் நியாயம். ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் நான் பார்த்த நாடகம் அதற்கு நேர்மாறாக இருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளையின் தாயார் பெண்ணின் நிறம், உயரம், பல்வரிசை என்று விசாரித்து முடித்ததும், பெண்ணின் தமையன் மாப்பிள்ளையின் புகைப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாமி, இது எந்த ஆண்டு எடுத்த படம்?” என்று மரியாதையாகக் கேட்டான். பந்தலே அதிர்ந்தது, அப்படிப் படம் அனுப்பியவர்களின் உறவினர் சிலரும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் போலும், பின்வரிசையில் ஒருவர் மற்றவரை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்.