திரும்பி வரும் கற்றை ஏன் உதைக்கிறது? கேள்வி பதில்

நான் துகள் முடுக்கிகளில் கேவிட்டி வேலை பார்த்தவன், இப்போது காங்கேயத்தில் தோட்டம் பார்க்கிறேன். கேவிட்டி என்பது மின்காந்த அலையை அடைத்துவைத்து எலக்ட்ரான் கற்றைக்கு ஆற்றல் கொடுக்கும் உலோகக் கூடு. கற்றைக்குக் கொடுத்த ஆற்றலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆற்றல் மீட்பு முடுக்கி பற்றி மட்டும் கேளுங்கள்.

கோபி மாணவி: கொடுத்த ஆற்றலை எதுக்குங்க சார் திரும்ப வாங்கணும்?

கணக்குப் போட்டுப் பாரம்மா. 5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் கற்றை என்றால் 500 மெகாவாட். மேட்டூர் அனல் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் இரண்டு ஓடினாலும் போதாது. அதனால் வேலை முடிந்த கற்றையைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே கேவிட்டிக்குள் அரை அலை தள்ளி நுழைக்கிறோம். கற்றை கொத்துக் கொத்தாகத்தான் ஓடும். திரும்பி வந்த கொத்து விட்டுப்போகும் ஆற்றலை அடுத்து வரும் எலக்ட்ரான் கொத்து எடுத்துக்கொள்ளும். 1965-இல் மௌரி டிக்னர் சொன்ன யோசனை இது.

பல்லடம்: அப்ப இலவசக் கரண்ட்டுங்களா?

இல்லை. கேவிட்டியை 2 கெல்வின் என்ற கடுங்குளிரில் வைக்க வேண்டும். அங்கே ஒரு வாட் வெப்பத்தை எடுக்க வெளியே பல நூறு வாட் செலவாகும்.

சோமனூர் தறிக்காரர்: எல்லாம் திரும்பி வருதுன்னா கற்றைக்குத் தடுமாற்றம் எங்கிருந்துங்க வருது?

நல்ல கேள்வி. நியோபியம் உலோகக் கேவிட்டி மீக்கடத்தி, மின்தடை அநேகமாக இல்லாதது. ஒரு தடவை தட்டினால் வெண்கல மணிபோல வெகுநேரம் ஒலிக்கும். நமக்கு வேண்டிய அதிர்வோடு, பக்கவாட்டில் தள்ளும் வேண்டாத அதிர்வுகளும் அதற்குள் உண்டு. நடுவிலிருந்து மயிரிழை விலகிப்போன கொத்து அதில் ஒன்றைத் தட்டிவிடும். பின்னால் வரும் கொத்துக்கு அது சின்ன உதை. உதை வாங்கும்போது திசைதான் மாறுகிறது. சுற்றி வருவதற்குள் அந்தக் கோணம் விலகலாகிவிடும். விலகி வந்த கொத்து, நேரமும் ஒத்துப்போனால், அதே அதிர்வுக்கு இன்னும் தீனி போடும். மின்னோட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால், அதிர்வு அடங்குவதைவிட வேகமாக வளர்ந்து கற்றை குழாய்ச் சுவரில் மோதும்.

ஆடிப் பதினெட்டுக்குத் தூரி கட்டி ஆடுவோமே, தாளம் தப்பாமல் தள்ளினால் எகிறுமல்லவா? அதேதான். ஆனால் தூரியை இதற்கு மேல் இழுக்காதீர்கள். அங்கே தள்ளுபவர் வெளியே நிற்பார். இங்கே ஆடுபவனே அடுத்தவனைத் தள்ளிவிடுகிறான்.

தாராபுரம்: கருந்துளை உண்டாகுமா?

ஆகாது. அடுத்தது.

பீளமேடு: வர்ஜீனியாவில் ஜெபர்சன் ஆய்வகம் கற்றையைச் சுழற்றி இந்தத் தடுமாற்றத்தைச் சமாளித்ததே, அது ஒட்டுப்போட்ட வேலைதானே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே 2.7 மில்லி ஆம்பியரை ஒட்டியே வரம்பு வந்துவிட்டது. திரும்பும் வழியில் சாய்த்து வைத்த காந்தங்களால் கற்றையை 90 பாகை சுழற்றினார்கள். கிடைமட்டத்தில் வாங்கிய உதை செங்குத்து விலகலாகத் திரும்பியது. கிடைமட்ட அதிர்வுக்கு அதனால் பிடிமானமே இல்லை.

பீளமேடு: செங்குத்திலும் ஓர் அதிர்வு இருக்குமே? அது வாங்கிக்கொள்ளாதா?

வாங்கிக்கொள்ளும். அது உதைத்தால் மறுபடி கிடைமட்டத்துக்கு வரும். இரண்டின் அலைவெண்ணும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி, சங்கிலி மூடிவிடும். விலகியிருந்தால்தான் வரம்பு நன்றாக உயரும்.

பீளமேடு: ஆக அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டமில்லை ஐயா, அளந்து பார்த்துச் செய்தது! ஆனாலும் வேண்டாத அதிர்வை, அதைத் தின்னும் உறிஞ்சிக்கு இழுத்துச் சாகடிப்பதே முதல் வைத்தியம் என்றால் மறுக்க மாட்டேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிபீட்டா முடுக்கி 2019 டிசம்பரில் கற்றையின் ஆற்றலை நாலு சுற்றில் ஏற்றி நாலு சுற்றில் இறக்கியது. ஒரே கேவிட்டியை எட்டுத் தடவை கடக்கும் கற்றைக்கு வெறும் சுழற்றல் காணாது.

சூலூர்: குறைந்த மின்னோட்டத்தில் நன்றாக ஓடினால் போதாதா?

போதாது. வரம்புக்குக் கொஞ்சம் கீழேகூடக் கற்றை சாதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அவிநாசி: இதில் இலவசக் கரண்ட்...

பல்லடத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பீளமேடு: அந்த இரண்டு அதிர்வுகளின் அலைவெண் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?

ஓர் அதிர்வு தட்டுக்கு எழும்பும் அலைவெண் அகலத்தைவிடப் பல மடங்கு. கணக்கை நாளைக்குப் போடுகிறேன். மும்முனை கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடணும்.