செவ்வாயில் ஒரு ரத்த வங்கி

டாக்டரிடம் கேளுங்கள்: அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவரின் பதில்கள்

கேள்வி: காலமான என் மாமனாரின் அலமாரியை ஒழித்தபோது ‘ரெட் ஸ்டார்’ என்ற ஆங்கில நாவல் கிடைத்தது. அவர் தொழிற்சங்கக்காரர். கட்சிப் புத்தகம் என்று நினைத்துப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துவிட்டேன். போன இதழில் ரத்தம் ஏற்றுவதன் வரலாறு பற்றி எழுதும்போது நீங்கள் போக்தானவ் என்ற பெயரைச் சொல்லியிருந்தீர்கள். அந்த நாவலின் அட்டையிலும் அதே பெயர். திறந்து பார்த்தால் செவ்வாய் கிரகம், விண்கலம் என்று போகிறது. படிக்கலாமா, எடைக்குப் போடலாமா?
— இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: முதலில் கட்டை அவிழ்த்து அதை வெளியே எடுங்கள், அம்மா. இரண்டும் ஒரே ஆள்தான். அலெக்சாண்டர் போக்தானவ் மருத்துவம் படித்தவர், லெனினோடு சேர்ந்து ரஷ்யப் புரட்சிக்காரர்களின் போல்ஷெவிக் அணியைக் கட்டியவர், ‘சிவப்பு நட்சத்திரம்’ நாவலையும் எழுதியவர். நாவல் வந்தது 1908-இல். முதன்முதலில் விண்வெளிக்குப் போன யூரி ககாரின் பிறக்கவே அதற்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

கதை இதுதான். ரஷ்யாவில் 1905 புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. லியோனித் என்ற இளம் புரட்சிக்காரனை மென்னி என்பவர் தேடி வருகிறார். தோழர் என்று பார்த்தால் அவர் செவ்வாய்வாசி. லியோனிதைத் தங்கள் உலகத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே சொத்து கிடையாது, சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. கடையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். செடிகொடிகள் சிவப்பு நிறம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள். நெத்தி என்ற மருத்துவர் பெண் என்பதே லியோனிதுக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்ததும் காதல். காதல் பக்கங்களை வேகமாகப் புரட்டினால் நஷ்டமில்லை. போக்தானவுக்கு அது வராது.

அவருக்கு வருவது தொழிற்சாலை. ஆலைக் கூடத்தில் கரும்பலகைகள் தொங்குகின்றன. எந்தத் தொழிலில் இன்று எத்தனை மணி நேர உழைப்பு மிஞ்சுகிறது, எதில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று எண்கள் எழுதியிருக்கின்றன. ‘நீ இங்கே போ’ என்று யாரும் ஆணையிடுவதில்லை. இயந்திரத் தொழிலில் ஆள் மிச்சம், துணி தைப்பதில் பற்றாக்குறை என்று பலகையில் பார்ப்பவர்களில் விருப்பமுள்ளவர்கள் அங்கே மாறிக்கொள்கிறார்கள். கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் ஒரு கிரகத்தின் உழைப்பை மொத்தமாகக் கணக்கிட்டு நடத்தலாம் என்று யோசித்திருக்கிறார். அந்தத் துணி ஆலையில் லியோனிதும் வேலைக்குச் சேர்கிறான். இயந்திரங்களின் வேகத்துக்கு அவன் கவனம் ஈடுகொடுப்பதில்லை. அவன் தவறவிடுவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் சரிசெய்கிறார்கள். அவனுக்கு அவமானம் பொங்குகிறது. பிறகுதான் தெரிகிறது, எல்லாரும் எல்லாருக்கும் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்று. உங்கள் மாமனார் தொழிற்சங்கத்தில் இருந்தவர். பென்சிலால் ஏதாவது கோடு போட்டிருந்தால் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மருத்துவமனை அத்தியாயத்தையும் விடாதீர்கள். செவ்வாயில் ரத்த வங்கி கிடையாது, இரண்டு பேரின் ரத்தக் குழாய்களைக் கருவியால் இணைத்து ஒருவர் ரத்தத்தை மற்றவருக்கும் மற்றவர் ரத்தத்தை இவருக்கும் செலுத்துகிறார்கள். ஒருவரிடம் குறைவது அடுத்தவரிடமிருந்து வந்து சேர்ந்து இருவருமே தெம்படைவார்களாம். அதனால்தான் அங்கே மனிதர்கள் நெடுநாள் இளமையோடு இருக்கிறார்களாம். ‘பூமியில் ஏன் இதைச் செய்வதில்லை?’ என்ற பேச்சு வரும்போது நெத்தி தரும் விளக்கத்தின் சாரம், ‘உங்கள் ஊரில் அவரவர் தனித்தனி, ரத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் எண்ணமே உங்களுக்கு வராது’ என்பது. ரத்தம் கேட்டு வரும் உறவினர் கூட்டத்தில் ‘யார் கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டதும் பாதிப் பேர் டீ குடிக்கப் போவதைப் பல வருடம் பார்த்தவன் நான். நெத்தியைக் கோபிக்க எனக்கு முகாந்திரம் இல்லை.

இவ்வளவுதான் என்றால் நல்லவர்கள் வாழும் நாட்டைப் பற்றிய பழைய புத்தகங்களில் ஒன்று என்று விட்டிருப்பேன். பின்பாதியில் ஸ்டெர்னி வருகிறார். கணித அறிஞர். செவ்வாயின் வளங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. காடு குறைகிறது, எரிசக்திக்கான தாது குறைகிறது, ஜனத்தொகை மட்டும் ஏறுகிறது. ஒன்று பூமிக்குக் குடிபெயர வேண்டும், இல்லையென்றால் வெள்ளி கிரகத்துக்கு. வெள்ளி கொதிக்கும் நரகம். பூமிக்குப் போகலாம், ஆனால் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது? ஸ்டெர்னி எழுந்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வாய்ப்பாக எடுத்துக் கழித்துக்கொண்டே வந்து, மனித இனத்தை வலியில்லாமல் மொத்தமாக அழித்துவிடுவதுதான் அறிவுக்குப் பொருத்தம் என்று முடிக்கிறார். வெறி இல்லை, வெறுப்பும் இல்லை. உயர்ந்த உயிர் வாழ்வதற்காகத் தாழ்ந்த உயிர் போவது என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

கொடுமை என்னவென்றால் அந்த வாதத்தின் நடுவே அவர் சொல்லும் ஒன்று பின்னால் பலித்தது. பூமியில் சோஷலிசம் வந்தால் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வராது. சில நாடுகளில் மட்டும் வரும். சுற்றிலும் பகைவர்கள் சூழ்ந்த தீவு மாதிரி பல ஆண்டுகள் முற்றுகையில் கிடக்கும். அந்த முற்றுகையும் அடக்குமுறையும் ராணுவமும் சேர்ந்து அதன் குணத்தையே திரித்துவிடும். அது நம்முடைய சோஷலிசமாக இருக்காது என்கிறார். 1908-இல் ஒரு போல்ஷெவிக் எழுதியது இது! நெத்தி எதிர்த்து வாதாடுகிறாள், கடைசியில் வெள்ளிக்கே போகலாம் என்று முடிவாகிறது. ஆனாலும் அந்த விவாதத்தின் ஒலிப்பதிவைக் கேட்ட லியோனித் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்லமாட்டேன்.

ஒரு பூரண சமுதாயத்தைக் கற்பனை செய்தவர், அதன் சபையிலேயே ஸ்டெர்னிக்கு ஒரு நாற்காலி போட்டு, மிகக் கூர்மையான பேச்சையும் அவருக்கே கொடுத்திருக்கிறார். விஞ்ஞான சமுதாயம் என்று கனவு கண்ட எழுத்தாளர்களில் இவரை நான் நம்புவது அதனால்தான். உங்களிடம் இருப்பது அனேகமாக 1984-இல் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட மொழிபெயர்ப்பு. அப்படியானால் இதன் முன்கதையான ‘எஞ்சினியர் மென்னி’யும் அதே அட்டைக்குள் இருக்கும்.

கேள்வி: ‘போக்தானவ் தன் உடலிலேயே சோதனை செய்து இறந்தார்’ என்று போன இதழில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன நடந்தது? எதனால் இறந்தார்?
— லேப் டெக்னீஷியன் மாணவர், திண்டுக்கல்

பதில்: நாவலில் எழுதியதை நிஜத்தில் செய்து பார்த்தார், தம்பி. 1926-இல் மாஸ்கோவில் ரத்தம் ஏற்றுதலுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். உலகத்திலேயே அந்த வகையில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. அதற்கு முன்பிருந்தே நண்பர்களோடும் மாணவர்களோடும் ரத்தம் மாற்றிக்கொண்டு வந்தார். லெனினின் தங்கை மரியாவும் அவரிடம் ரத்தம் ஏற்றிக்கொண்டவர். தனக்குக் கண் பார்வை தெளிந்ததாகவும் தெம்பு கூடியதாகவும் போக்தானவ் நம்பினார்.

1928 மார்ச் 24 அன்று ஒரு மாணவரோடு ரத்தம் மாற்றிக்கொண்டார். மாணவருக்குக் காசநோயும் மலேரியாவும் இருந்தன. முதியவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி இளைஞரைக் குணப்படுத்தும், இளைஞரின் ரத்தம் முதியவருக்குப் பலம் தரும் என்பது கணக்கு. இருவருக்குமே உடனே காய்ச்சல் கண்டது. மாணவர் பிழைத்துக்கொண்டார். போக்தானவ் ஏப்ரல் 7 அன்று இறந்தார். வயது 54.

மலேரியாவால் என்று சிலர் எழுதுவார்கள். ரத்தத்தின் வழியே மலேரியா பரவும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் சந்தேகிப்பது இருவர் ரத்தமும் பொருந்தாமல் போனதை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஏ, பி, ஓ பிரிவுகளை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்து அப்போதே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அது போக்தானவுக்குத் தெரியும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்லும் ஆர்ஹெச் பிரிவு வெளியே வந்தது 1940-இல். மற்றச் சின்னச் சின்னப் பிரிவுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஒரே ஆள் பலமுறை பிறர் ரத்தத்தை ஏற்றுக்கொண்டால் அவர் உடல் அந்தப் பிரிவுகளுக்கு எதிராக ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பொருத்தமான குரூப் என்று நாம் நினைத்து ஏற்றும் ரத்தத்தையே அது உடைத்துத் தள்ளும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுகிற இடங்களில் இன்றும் இதுதான் தலைவலி.

இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் செய்ய நீங்கள் பழகிக்கொண்டிருப்பீர்கள். கொடுப்பவரின் சிவப்பணு, வாங்குபவரின் சீரம், 37 டிகிரி சூடு, பிறகு சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் சோதனை. குழாயைச் சுழற்றி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே மெல்லச் சாய்க்கும்போது அடியில் இருக்கும் சிவப்புப் பொட்டு புகை போலக் கலைந்து வந்தால் சரி. மணல் மணலாக உருண்டு வந்தால் அந்தப் பையைத் தொடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் கணவன் ‘ஒரே குரூப்தானே சார், சீக்கிரம் கொடுங்கள்’ என்று கத்துவான். அப்போதும் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கூம்ப்ஸ் சோதனை வந்தது 1945-இல். போக்தானவ் அவ்வளவு பொறுத்திருக்க முடியாது.

அவர் தொடங்கிய நிறுவனம் மூடப்படவில்லை. சோவியத் நாடு முழுவதும் ரத்த நிலையங்கள் முளைக்க அதுவே வேராக இருந்தது. சிகாகோவில் 1937-இல் ‘ரத்த வங்கி’ என்ற பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்பே அங்கே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

கேள்வி: என்.சி.பி.எச். கண்காட்சியில் பத்து ரூபாய்க்குப் பை நிறைய சோவியத் நூல்கள் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நான். போக்தானவ் பெயரே கண்ணில் பட்டதில்லையே, ஏன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: பட்டிருக்கும் ஐயா, திட்டு வாங்கும் இடத்தில். லெனின் 1909-இல் வெளியிட்ட ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ பெரும்பாலும் இவரையும் இவருடைய நண்பர்களையும் அடிப்பதற்காக எழுதப்பட்டது. அதே ஆண்டு போல்ஷெவிக் அணியிலிருந்து இவரை வெளியேற்றினார்கள். முந்தைய ஆண்டுதான் இத்தாலியின் காப்ரி தீவில், எழுத்தாளர் கார்க்கியின் வீட்டில் லெனினும் இவரும் சதுரங்கம் ஆடினார்கள், படம் இருக்கிறது. தோற்கும்போது லெனின் குழந்தை போலக் கோபித்துக்கொள்வார் என்று கார்க்கி எழுதியிருக்கிறார். தத்துவச் சண்டை சதுரங்கத்தால் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

புரட்சிக்குப் பிறகு நாவல் மறுபதிப்பு கண்டது. 1923-இல் ரகசியப் போலீஸ் போக்தானவைப் பிடித்துச் சில வாரம் உள்ளே வைத்தது. இறந்தபோது போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரான புகாரின் இரங்கல் சொன்னார். பத்தாண்டுக்குள் புகாரினையே சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு யார் பேசுவார்கள்? மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காரர்கள் நமக்கு அனுப்பிய பெட்டிகளில் லெனின் தொகுதிகள் வந்தன. அவர் யாரை மறுக்கிறாரோ அந்த ஆளின் புத்தகத்தைப் படிக்க நமக்கு வழியில்லை. வழக்கில் ஒரு பக்க வக்கீலின் வாதத்தை மட்டும் மனப்பாடம் செய்த சாட்சிகள் நாம்.

கேள்வி: இளைஞரின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டால் முதுமை தள்ளிப்போகும் என்று என் நடைப்பயிற்சி நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உண்மையா?
— வயது 68, சேலம்

பதில்: இல்லை. அமெரிக்காவில் இளைஞர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, பணம் வாங்கிக்கொண்டு ஏற்றும் கடைகள் முளைத்தன. பயன் நிரூபிக்கப்படவில்லை, ஆபத்து உண்டு என்று 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2023-இல் ஒரு கோடீஸ்வரர் தன் மகனின் பிளாஸ்மாவையே ஏற்றிப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று தானே அறிவித்தார். போக்தானவாவது காசு வாங்கவில்லை. நண்பரோடு நடையைத் தொடருங்கள், அவர் அனுப்புவதைத் திறக்காதீர்கள்.

கேள்வி: இப்படி விஞ்ஞானத்தால் எல்லாம் நன்றாக நடக்கும் நாட்டைப் பற்றி நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: போக்தானவுக்கு மூன்று ஆண்டு முன்பே, ஒரு பெண். பேகம் ரொக்கையா, வங்காளத்துக்காரர். ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் அச்சேறியது நம் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். நடத்தியவர் கமலா சத்தியநாதன். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே வெயிலைப் பாய்ச்சிப் படையெடுப்பை விரட்டுகிறார்கள். மேகத்திலிருந்து தண்ணீரை நேரடியாக இழுத்துக்கொள்கிறார்கள். வேலை நாளுக்கு இரண்டே மணி நேரம். ஆண்கள் அலுவலகத்தில் இருந்த காலத்தில் மீதி நேரமெல்லாம் சுருட்டுப் பிடிப்பதில் போனதாம். கொசு கிடையாது. எழுதி முடித்ததைக் கணவர் நின்றபடியே படித்துவிட்டு, ‘பயங்கரமான பழிவாங்கல்!’ என்றாராம்.

சிறியதுதான். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் உங்கள் ஊர் வருவதற்குள் முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.