டர்போ பொருத்திய பழைய கார்புரேட்டர் எஞ்சினில் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸை எங்கே இணைப்பது?

உங்கள் கான்டெஸாவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ ஏற்றியிருக்கிறீர்கள், கார்புரேட்டரை மாற்றவில்லை. சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரில், வெற்றிடத்தின் இழுப்பால் தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் (அதுதான் வேக்குவம் அட்வான்ஸ்) வேக்குவம் டப்பாவுக்குப் போகும் ஹோஸைக் கார்புரேட்டர் முனையில் செருகச் சொல்கிறார் ஒரு மெக்கானிக், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டில் என்கிறார் மற்றவர், பேசாமல் அடைத்துவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் விசாரித்தால் நான்காவது யோசனையும் கிடைக்கும்.

என் பதில் மேனிஃபோல்ட். டர்போ, மிதிக்கேற்பத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு இரண்டையும் தாண்டி, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்திலிருந்து எடுங்கள். ஒரு சிலிண்டருக்கு மட்டும் போகும் கிளையில் எடுத்தால் ஊசல் அதிகம், டப்பா நடுங்கிக்கொண்டே இருக்கும்.

லேசான மிதியில் சிலிண்டருக்குள் போகும் கலவை அடர்த்தி குறைந்தது, மெதுவாக எரியும், ஆகவே தீப்பொறி முன்கூட்டியே வேண்டும். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், ஏறினால் நிலைமை தலைகீழ்: கலவை நெருக்கமாக இருக்கிறது, வேகமாக எரிகிறது, தீப்பொறி தாமதிக்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதை நம்பிச் சொல்லக்கூடிய இடம் மேனிஃபோல்ட் ஒன்றுதான்.

உங்கள் அமைப்பு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. டர்போ கார்புரேட்டர் வழியாக இழுக்கும் வகை என்றால் கார்புரேட்டர் முனை ஆபத்தானது. அங்கே த்ராட்டில் தட்டு, டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கிறது. பாதி மிதியில் ஏற்றம் ஏறும்போது கம்ப்ரஸர் உறிஞ்சுவதால் தட்டுக்குக் கீழே வெற்றிடம், அதே நொடியில் மேனிஃபோல்டில் பூஸ்ட். டப்பா வெற்றிடத்தை நம்பி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு நாக்கிங் (கலவை கட்டுமீறி வெடித்துத் தட்டுவது), கடைசியில் பிஸ்டனே போய்விடும். 1962இல் வந்த டர்போ ஷெவர்லே கார்வேர் இந்த வகைதான். அதன் டிஸ்ட்ரிப்யூட்டரில் வேக்குவம் அட்வான்ஸே கிடையாது. பூஸ்ட் அழுத்தம் வந்தால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும் டப்பாவைத்தான் வைத்தார்கள்.

டர்போ கார்புரேட்டருக்குள் ஊதும் வகையில் ஆபத்து குறைவு, குழப்பம் அதிகம். தட்டுக்குச் சற்று மேலே துளையுள்ள முனையில், காலை எடுத்ததும் தட்டு மூடிக்கொள்ள, டர்போ இன்னும் சுழன்றுகொண்டிருப்பதால் டப்பாவுக்குப் போவது அழுத்தம். மேனிஃபோல்டிலோ அப்போது ஆழ்ந்த வெற்றிடம். இதிலும் மேனிஃபோல்டே மேல்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒருவழி வால்வு. பூஸ்ட் வந்தால் டப்பாவின் ரப்பர் கிழிந்துவிடும் என்று பயந்து பிரேக் பூஸ்டரில் இருப்பது போன்ற வால்வை ஹோஸின் நடுவில் செருகுகிறார்கள். பயம் நியாயமானது, மருந்து தவறு. மிதிக்கிறீர்கள், மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறுகிறது, வால்வு டக்கென்று மூடிக்கொள்கிறது, டப்பாவுக்குள் இருந்த வெற்றிடம் உள்ளேயே சிறைபடுகிறது. அட்வான்ஸ் விலக வேண்டிய நொடியில் 15 டிகிரி அப்படியே நிற்கிறது. பிரேக்குக்கு அந்த வால்வு வைத்திருப்பதே வெற்றிடத்தைச் சேமித்து வைக்கத்தான்!

பூஸ்டைத் தாங்கும் டப்பாவாக இருந்தால் வால்வே வேண்டாம், நேரடி ஹோஸ் போதும். தாங்காது என்றால் மின்சாரத்தில் இயங்கும் மும்முனை சோலினாய்டு வால்வும் பூஸ்ட் ஸ்விட்ச்சும் போடுங்கள்: வெற்றிடத்தில் டப்பா மேனிஃபோல்டோடு சேர்ந்திருக்கும், பூஸ்ட் தொடங்கும்போது மேனிஃபோல்டிலிருந்து துண்டிக்கப்பட்டு வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும். அடைத்துவிடுவதும் ஒரு வழிதான், எஞ்சினுக்குக் கேடில்லை. ஆனால் தினம் சில்க் போர்டு நெரிசலில் ஊர்பவருக்குப் பெட்ரோல் செலவு கூடும், சூடும் கூடும்.

டப்பா நல்லதா என்று பார்க்க அல்சூரில் நான் வண்டி விடும் அண்ணன் கருவி தேடுவதில்லை. ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சுவார், நாக்கால் முனையை அடைப்பார். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் ரப்பர் முழுசாக இருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்தால் பாயின்ட் தட்டு நகர்ந்து திரும்புவதும் தெரியும். “தட்டு திரும்ப வரவில்லை என்றால் டப்பாவைத் திட்டாதீர்கள் சார், உள்ளே துரு” என்பார். இந்தச் சோதனை அழுத்தத்தைத் தாங்குமா என்று சொல்லாது. அதற்குக் கைப்பம்பும் டைமிங் லைட்டும் வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டர், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால் டப்பாவில் பொறித்த டிகிரியைப் பெரும்பாலும் இரட்டிப்பாக்க வேண்டும். லூகாஸ் டப்பாவில் 5-17-10 என்றிருந்தால், 5 அங்குலப் பாதரசத்தில் தொடங்கி 17இல் முடியும், கிராங்கில் 20 டிகிரி கிடைக்கும்.

ஹோஸ் பெட்ரோல் ஆவி தாங்கும் ரப்பராக இருக்கட்டும். சிலிக்கான் பளபளக்கும், பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் வேறு இளகுகிறது. மேனிஃபோல்டின் மேற்புறத்திலிருந்து எடுத்து டப்பாவை நோக்கி ஏறுமுகமாக, டர்போவின் சூட்டுக்கு எட்டாமல் கொண்டு போங்கள். இரு முனையிலும் கிளிப் கட்டாயம். பூஸ்ட் மீட்டரையும், பூஸ்ட் எல்லை மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட்டையும் இதே ஹோஸில் ஒட்டுப் போடாதீர்கள்.

கடைசியாக, பெங்களூரு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐடிலில் வேக்குவம் மீட்டர் புத்தகத்தில் சொன்னதைவிடச் சுமார் 3 அங்குலம் குறைவாகக் காட்டினால் கசிவு என்று கேஸ்கெட்டைக் கழற்ற வேண்டாம். சென்னைக்கு இறங்கும்போது மட்டும் கவனம். வேஸ்ட்கேட் வெளிக்காற்றை ஒப்பிட்டுத்தான் திறக்கிறது என்பதால் மீட்டரில் அதே பூஸ்ட் தெரிந்தாலும் சிலிண்டருக்குள் போகும் காற்று அங்கே அதிகம். ஓசூர் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடியது கிண்டியில் தட்டலாம். கிளம்பும் முன் அடிப்படை டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.